சுக்குவைப் பழக்கிய கதை

கண் மங்கி வருகிற சங்கதி தன்னோடு கபுர்க்குழிக்குத்தான் போக வேண்டும், ஊரில் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்று அசன் மைதீன் முடிவு கட்டியிருந்தார். மேலப்பாளையம் பஜாரில் கைலிக் கடை வைத்திருப்பவர். ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான் என்று அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

வண்ணார்பேட்டையில் கண் டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்திருந்தார். கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரப் பார்வை போயாச்சு, நடுவில் மிச்சமிருப்பதும் பைய மங்கும், சொட்டு மருந்து போட்டால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், போனது திரும்பாது என்றார் டாக்டர். படியிறங்கும்போதே அசன் மைதீன் இடுப்பிலிருந்த கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய வாப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் கண் போனது. அதோடு வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, "சாப்பிட்டாச்சா" என்பதைத் தவிர. கடைச் சாவி அவர் இடுப்பிலிருந்து பெரியவாப்பா இடுப்புக்கு மாறிவிட்டது. சாவி இல்லாத இடுப்பை அவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை அசன் மைதீன் மறக்கவே இல்லை. இங்கேயோ சாவியை வாங்கிக்கொள்ள மச்சினன் தாஜ் முகம்மது தயாராக நின்றான். கைலிக் கடையை செல்போன் உறைக் கடையாக மாற்ற வேண்டும் என்று இரண்டு வருசமாக நச்சரிக்கிறவன். பெண்டாட்டி ஜனாபாவிடம் காலையில் சொன்னால் சாயங்காலம் அவள் தம்பிக்குத் தெரிந்துவிடும். ஆகவே பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை.

சொட்டு மருந்து கடையில், விலைபோகாத கைலிக் கட்டுக்குள் ஒளிந்திருந்தது. இருட்டுவதற்கு முன் கடை அடைபட்டது. எல்லாம் சரியாகத்தான் போனது, பக்கத்துக் கடை வாசலில் புர்கா மாட்டி நிறுத்திய பொம்மையிடம், "வாங்கம்மா, என்ன வேணும், உள்ள வந்து பாருங்க" என்று அவர் நெடுநேரம் மன்றாடிய நாள் வரைக்கும். யாவார யோசனை என்று சொல்லிச் சமாளித்தார்.

வீட்டில் சமாளிப்பது இன்னும் கஷ்டம்.

"என்னங்க, டம்ளரை அந்தரத்துல வைக்கீய?"

"சூடு ஏளா. கை சுட்டுட்டு."

"அது மோரு."

இப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். வாசற்படியில் என்னவோ புஸ் புஸ்ஸென்றது.

"ஜனாபா, இங்கன என்னமோ மூச்சு விடுது."

"சுக்கு."

"சுக்கு எப்பளா மூச்சு விட்டுச்சு?"

"நாய்ங்க. பேரு சுக்கு."

அவ்வளவுதான், அசன் மைதீன் மாடிப்படியின் பாதியில் நின்றார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. சின்ன வயதில் சந்தைப்பேட்டை நாய் ஒன்று துரத்தியதிலிருந்து, தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற மனுஷன்.

"பாளையங்கோட்டையில எபனேசர்னு ஒரு அண்ணன். கண்ணு தெரியாதவங்களுக்கு வழி காட்டுத நாய்களைப் பழக்குதாரு. ஊருக்குள்ள கூட்டம், வண்டி, சந்தை எல்லாம் பழகணுமாம். அதுக்கு ஒரு வீடு கேட்டாரு, நான் சரின்னுட்டேன்."

கண்ணு தெரியாதவங்க என்ற வார்த்தையில் அசன் மைதீன் இன்னொரு படி ஏறினார். தெரிந்துவிட்டதோ? அவள் முகத்தைக் கண்ணால் துழாவினார். மூக்கு தெரிந்தது, கொஞ்சம் தள்ளி நாடி தெரிந்தது. அவள் பாட்டுக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"முஸ்லிம் வீட்டுல நாயா? மார்க்கம்னு ஒண்ணு இல்லையா?"

"பள்ளிவாசல் அஸரத்துக்கிட்டக் கேட்டுட்டேன். இந்த மாதிரி உதவிக்குன்னா வளக்கலாம், தொழுகுத எடத்துக்கு விடாம பாத்துக்கோங்க, நக்குனா முறைப்படி கழுவிருங்கன்னு சொல்லிட்டாரு. மாடிப்படிக்குக் கீழ எடம் ஒதுக்கியாச்சு."

"தீனி?"

"எபனேசர் அண்ணன் கொண்டாருதாரு."

"தெருவுல சத்தம் போடுவாங்களே?"

"அடுத்த வீட்டு மீரா முகைதீன் இப்பதான் தடவிக் குடுத்துட்டுப் போறாரு. நீங்க மொதல்ல எறங்குங்க."

மறுநாள் காலை எபனேசர் வந்தார். அதிர்ந்து பேசாத ஆள்.

"அண்ணாச்சி, ஒருத்தரு கண்ணைக் கட்டிக்கிட்டு இதோட தினம் நடக்கணும். அப்பதான் இதுக்கு வேலை பழகும்."

"இவரு வேண்டாம்ணே," என்றாள் ஜனாபா. "நாயைக் கண்டா இவருக்கு ஆகாது. என் தம்பி தாஜைக் கூப்பிடுதேன். அவன் நாயோட கடை வரைக்கும் போயி அப்படியே யாவாரத்தையும் ஒரு பார்வை பாத்துக்கிடுவான்."

"யாருக்கு ஆகாது?" அசன் மைதீன் துள்ளி எழுந்தார். "ஏளா, கொண்டா துணியை."

எழுந்த பிறகுதான் மண்டைக்குள் அந்த வெளிச்சம் அடித்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரில் முட்டினால் யார் என்ன கேட்பார்கள்? சாக்கடையில் விழுந்தாலும் நாய் பழக்குகிறார், பாவம் என்பார்கள். கண் தெரியாதவன் கண் தெரிந்தவனாக நடிப்பதற்கு இதைவிட வசதி உண்டா? தன் புத்தியை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஒன்றும் அறியாமல் நிற்கிற ஜனாபாவை நினைத்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அவள் கறுப்பு மல் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர் அதை விரலுக்கிடையில் தேய்த்தார். துணி என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு நினைப்பு ஓடாது.

"நல்ல மல்லு. என்ன மெலிசான நூலு பாத்தியா? கண்ணுல உறுத்தாது. இப்பம் இப்படி எவன் நெய்யுதான்?"

"துணி விசயம், நீங்க சொன்னா சரிதான்," என்று கட்டிவிட்டாள்.

இருட்டு. சுக்குவின் முதுகுப் பட்டையில் இருந்த கைப்பிடியைப் பிடித்ததும் விரல் வழியாக நாயின் சூடு ஏறியது. திரும்பிக் கடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாத நிலை. தெரிந்த ஓதலையெல்லாம் ஓதிவிட்டு, "நட" என்றார். அது கீச்சுக் குரலாக வெளியே வந்தது. சுக்கு நடந்தது. வண்டி வந்தால் ஒதுங்கியது. ஆடு குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போனது. ஓரிடத்தில் டக்கென்று நின்றது. காலால் துழாவினார். போன வாரம் விழுந்துவிட்டு, செருப்பைத் தேடுகிறேன் என்று சாதித்தாரே, அதே சாக்கடை.

அன்றைக்கு எதிலும் முட்டாமல் வீடு வந்து சேர்ந்தார். பல மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு படபடக்காமல் இருந்தது. அது என்ன சுகம் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கட்டிய கண்ணோடு கடைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில் கொம்புகளுக்கு நடுவே நடந்தார். பஜாரில் பேச்சு வேறு.

"சாக்கடையக் கண்டா நிக்கணும்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். சுக்கு கப்புன்னு பிடிச்சுக்கிட்டு. பழக்குத ஆளு பழக்கணும் வே."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கடையில் மேசைக்குக் கீழே படுத்திருக்கும் சுக்குவுக்கு, யாரும் பார்க்காதபோது டீயில் நனைத்த பொறை கொடுத்தார். நாய்ப் பயம் எந்த நாளில் போனது என்று அவர் கவனிக்கவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் எபனேசர் வந்து குண்டு போட்டார்.

"அண்ணாச்சி, முடிஞ்சிட்டு. வார வெள்ளிக்கு ஒரு சோதனை. பெறவு சுக்குவைச் சேர வேண்டியவங்க கையில சேத்திரலாம்."

அசன் மைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. சுக்கு போனால் கண்கட்டும் போகும். கட்டு போனால் பொம்மை, மோர் டம்ளர், சாக்கடை எல்லாம் வரிசையாகத் திரும்பி வரும். பின்னாலேயே தாஜ் வருவான். வாப்பாவின் வெறும் இடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஒரே வழிதான். சோதனையில் சுக்கு தோற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சோதனை பாளையங்கால்வாய்க் கரையில் நடந்தது. படித்துறையின் கைப்பிடிச் சுவர் இடிந்த இடம் அவருக்குத் தெரியும். தண்ணீர் அங்கே மட்டும் சலசலக்கும். நாய் தன்னை அங்கே கொண்டுபோய் விட்டால் போதும், கத்திக் கூப்பாடு போட்டு இது உதவாத நாய் என்று சாதித்துவிடலாம். சத்தம் கேட்ட பக்கம் திரும்பினார்.

"நட."

சுக்கு நின்றது.

"நடலே."

சுக்கு குறுக்கே வந்து அவர் முழங்காலில் சாய்ந்தது. பட்டையைப் பிடித்துத் தள்ளினார். அது அவர் காலின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கோபத்தில் மற்றக் காலை எட்டி முன்னால் வைத்தார். அங்கே தரை இல்லை.

தண்ணீர்ச் சத்தம் நேர் கீழேயிருந்து வந்தது. அசன் மைதீன் அல்லாவைக் கூப்பிட்டாரா, சுக்குவைக் கூப்பிட்டாரா, ஒன்றும் நினைவில்லை. நாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் சட்டையின் பின்பக்கத்தை எபனேசர் இறுக்கிப் பிடித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி," என்றார் எபனேசர். "சொன்னதையெல்லாம் கேக்குத நாய் எங்கயும் கெடைக்கும். தப்பாச் சொன்னா கேக்காத நாய்தான் எங்களுக்கு வேணும்."

தோற்கடிக்கப் போய் ஜெயிக்க வைத்தாயிற்று. எபனேசரோடு வீடு வந்து சேர்ந்தார். கட்டை அவிழ்த்துப்போட்டு நாற்காலியில் விழுந்தார். ஜனாபா டீயை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"யாருக்குக் குடுக்கப் போறீய?" என்று மெல்லக் கேட்டார்.

"இந்த ஊருதான்," என்றாள் ஜனாபா. "கைலிக் கடை வச்சிருக்காரு. பொம்மைக்கிட்ட யாவாரம் பேசுவாரு."

டீ கைலியில் கொட்டியது.

"ஏளா, வெளையாடுதியா? எனக்கென்ன கண்ணுல? நீ கெட்டிவிட்டதால தெரியல."

ஜனாபா அந்தக் கறுப்புத் துணியை எடுத்து எபனேசரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, எதுத்த சொவத்துக் காலண்டர்ல என்ன போட்டிருக்கு?"

எபனேசர் வாசித்தார். தேதி, கிழமை, ஐந்து வேளைத் தொழுகை நேரம், காலண்டர் அச்சடித்த ஜவுளிக் கடையின் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த கிளைகளின் பெயர்கள் என்று ஒன்றையும் விடவில்லை.

"மல்லுத் துணிங்க அது," என்றாள் ஜனாபா. "மொத நாளு நான் கெட்டிப் பாத்தேன். தெரு முழுக்கத் தெரிஞ்சு. கண்ணு நல்லாருக்க ஆளுன்னா, 'ஏளா, இது கெட்டா, சன்னலா'ன்னு கேட்டிருப்பாரு. நீங்க நூலைப் புகழ்ந்தீய."

ஆயுசு முழுக்கத் துணி விற்றவர். கையை நீட்டி அந்தத் துணியை வாங்கி மறுபடியும் தேய்த்துப் பார்த்தார். சுக்கு வந்து அவர் பாதத்தின்மேல் நாடியை வைத்துப் படுத்தது.

"பயமா இருக்கு ஜனாபா," என்றார் கடைசியில்.

"எனக்கும்தான். கைலிக் கட்டுக்குள்ள இருந்த சொட்டு மருந்து இத்தனை மாசமா தீராம இருக்கேன்னு நெனச்சீயளா? புதுசு வாங்கி மாத்தி மாத்தி வச்சது நான்."

அவர் இடுப்பில் கை வைத்துச் சாவியைத் தடவினார்.

"தாஜுக்குத் தெரியுமா?"

"அப்பமே சொல்லிட்டேன். சாவி கேக்க நேரா கடை வாசலுக்கு வந்தான். சுக்கு பல்லைக் காட்டி ஒரு கொட்டாவி விட்டுச்சு. தென்காசி மாமி வீட்டுக்குப் போனவன் இன்னும் திரும்பல."

அசன் மைதீனுக்குப் பாரம் இறங்கியது. இறங்கியதும் பழைய மிடுக்கு எட்டிப் பார்த்தது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"எப்படியோ. இப்பேர்ப்பட்ட நாயைப் பழக்குனது நான்தான். அதை எவனும் இல்லன்னு சொல்ல முடியாது."

எபனேசர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, சுக்கு எல்லாம் பழகி முடிச்சு ஒரு வருசமாச்சு. நாங்க பழக்குனது உங்களை."

"அப்பம் இன்னைக்கு வச்ச சோதனை?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

 அசன் மைதீன், பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"தேறிட்டனா?"

"சுக்கு நிக்கச் சொல்லியும் கால்வாயில எறங்கப் போனீயல்லா?" என்றாள் ஜனாபா. "நாளையிலேருந்து மறுபடியும் மொதல்லேருந்து."