முதல் பத்திரிகை

"எவன் குறுக்க வந்தாலும் சரி, மொத பத்திரிக்க அய்யனாருக்குத்தான்!"

மனைவி ராணியம்மாளிடம் சத்தியமே செய்துவிட்டுத்தான் களமருதூரில் பஸ் ஏறினார் கண்ணாயிரம். ஒரே மகள் அருள்மொழிக்கு இருபது நாளில் கல்யாணம். அதில் ஒரு குறை வந்துவிட்டால் அவருக்கு உயிரே போய்விடும். கல்வராயன் மலையடிவாரத்துக் குலதெய்வத்துக்கு வைக்காமல் ஈ, காக்காய்க்குக்கூடப் பத்திரிகையைக் காட்டப்போவதில்லை. எது முக்கியமோ அதை முதலில் முடிக்கிற ஆள் அவர். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றது. ஏறியது வேறு யார், ராணியம்மாளின் தம்பி பகலவன்! யூரியா வாங்கக் கிளம்பியவன், மாமா மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, தாய்மாமன் வூட்டத் தாண்டிக்கினு பத்திரிக்க போவுதா? போவட்டும் போவட்டும். சீரு தூக்கிக்கினு நான் வரமாட்டேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு கல்யாணமா? கண்ணாயிரம் அவசரமாகப் பைக்குள் கையை விட்டார்.

"கத்தாத மச்சான். இந்தா, மொத பத்திரிக்கயே ஒனக்குத்தான். யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

பகலவன் வாயைத் திறக்கவில்லை. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான், பாவி.

இரண்டே நிமிஷம். கள்ளக்குறிச்சியிலிருந்து தங்கை அமிர்தம் போனில் ஒப்பாரி வைத்தாள்.

"கூடப் பொறந்தவ நான் இன்னா செத்தா பூட்டேன்? எனக்கு இல்லாத மொத பத்திரிக்க அந்த ஆளுக்கா?"

"ஐயோ, அது சும்மா மாதிரிக்கு அடிச்சதும்மா. நெசமான மொத பத்திரிக்க ஒனக்குத்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்து சீட்டில் பகலவன் இருப்பது ஞாபகம் வந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றாள் அமிர்தம். இறங்கியதும் அவளும் பகலவனும் மோதிக்கொண்டார்கள். அமிர்தம் ஒரு பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். "அவ வர்ற கல்யாணத்துக்கு நான் வரல" என்றான் பகலவன். "நீ வந்தா நான் வருவனா?" என்றாள் அவள். அந்த நேரம் பார்த்து அருள்மொழியின் போன்.

"அப்பா, ஒரு நிமிஷம் பேசணும்."

"முக்கியமான வேலையா இருக்கறேம்மா, அப்புறம் பேசு!" வெடுக்கென்று வைத்துவிட்டார்.

கண்ணாயிரமா விடுகிற ஆள்? இருவரையும் ஒரே ஆட்டோவில் திணித்து, மலையடிவாரத்துக்கே கொண்டுபோய் இறக்கினார். கோயில் வாசலில் கையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் பத்திரிக்கயக் குடுங்க. மொதல்ல சாமி காலடியில வெக்கறேன். அப்புறம் ஒரே நேரத்துல, வலது கையால ஒருத்தருக்கு, எடது கையால ஒருத்தருக்கு."

"எடது கை யாருக்கு?" இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

"ரெண்டு கையையும் சேத்தே குடுக்கறேன், குடுங்கடா சாமி!"

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். கண்ணாயிரத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. எத்தனை இடைஞ்சல் வந்தால் என்ன, சொன்னதைச் செய்துவிட்டார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்து, பூசாரி பச்சமுத்துவிடம் நீட்டினார்.

"வைங்க பூசாரி. எம் பொண்ணு கல்யாணத்துக்கு மொத பத்திரிக்க!"

பச்சமுத்து அதைக் கண்ணருகே கொண்டுபோய் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"மொத பத்திரிக்கயப் போன வாரமே ஒங்க பொண்ணு வந்து வெச்சிட்டுப் போச்சுங்களே. ஆனா, அதுல மாப்ள பேரு வேறயா இல்ல இருந்துச்சு?"