தரையைக் கட்டிய கிருபாநிதி

மில்லர்புரத்தில் ஒரு கீற்றுப் பந்தல். தூத்துக்குடியில் நடக்கத் தள்ளாடும் முதியோர் அத்தனை பேரும் அதன் முன்னால் வரிசையில் நின்றார்கள். உள்ளே எழுந்தருளியிருந்தவர் தரைகட்டி கிருபாநிதி. அவருடைய பாட்டனார் முத்துக்குளிப்புக் காலத்தில் மந்திரம் போட்டுச் சுறாக்களின் வாயைக் கட்டியவராம். முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆயிற்று, சுறாவுக்கு விடுதலை. வேலையிழந்த மந்திரம் சும்மா கிடக்குமா? பேரன் தரையைக் கட்டக் கிளம்பிவிட்டார். கட்டிய தரை முதியோரைத் தள்ளாதாம். இத்தனை நாளும் தள்ளியது தரைதான் என்று தெரியாமல் இருந்துவிட்டோமே!

ஒரே ஒரு நிபந்தனை. காலில் கறுப்புக் கயிறு ஏறியதும் ஊன்றுகம்பை அங்கேயே போட்டுவிட வேண்டும். மறுபடி தொட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். போன வாரம் அப்படிப் போட்டுவிட்டுப் போன அருணாசலவடிவு ஆச்சி, வீட்டு வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். "நம்பிக்கை பத்தல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் கிருபாநிதி. மந்திரத்துக்கு மட்டும் எலும்பு முறிவதே இல்லை.

அன்று பிலோமினாவின் முறை. கூட வந்தவர் அவள் கணவர் வில்பிரட், தோணி ஓட்டி ஓய்ந்தவர். "ஏளா, கம்ப மட்டும் விட்றாத" என்று வழியெல்லாம் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை.

கிருபாநிதி ஆரம்பித்தார். "கண்ண மூடிக்கிட்டு, ஒரு காலுக்கு நேர் முன்னால மறுகால வச்சு நில்லுங்கம்மா."

பிலோமினா ஆடினாள்.

"பாத்தியளா, தரை தள்ளுது!"

மந்திரம் ஆயிற்று, கயிறும் ஏறிற்று. "இப்ப அதே மாதிரி கால வச்சு, இந்த விளக்கையே பாத்துக்கிட்டு நில்லுங்க."

நின்றாள்! கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பிலோமினா பூரித்துப்போய்க் கம்பை நீட்டினாள். வில்பிரட் அதை எட்டிப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறும்வே. கயிறு இல்லாதப்ப கண்ண மூடச் சொன்னீரு. கட்டுனப்புறம் விளக்கப் பாக்கச் சொல்லுதீரு. ஏன் மாத்துதீரு? ஏளா, கயிறு இருக்கட்டும். கண்ண மூடிட்டு நில்லு, பாப்பம்."

மூடினாள். சாய்ந்தாள். வில்பிரட் தாங்கியிராவிட்டால் இன்னொரு இடுப்பு போயிருக்கும்.

"இப்ப கயித்த அவுத்துட்டு விளக்கப் பாரு."

அசையாமல் நின்றாள்.

"நம்பிக்கை பத்த..." என்று இழுத்தார் கிருபாநிதி.

"உமக்குப் பத்தும்லா? உம்ம கால்லயும் கயிறு கிடக்கே. நீரும் அதே மாதிரி கால வச்சு, கண்ண மூடிட்டு நில்லும்."

இத்தனை பேர் பார்க்கும்போது எப்படி மறுப்பார்? நின்றார். பாவம், சுறாவையே அடக்கிய பரம்பரையைத் தரை குப்புறத் தள்ளிவிட்டது.

பிலோமினாவுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஆச்சிய முடமாக்குன பாவி!" என்று அவள் போட்ட கூச்சலில் கிருபாநிதி எழுந்து ஓடியே போனார்.

கூட்டம் வில்பிரட்டைச் சூழ்ந்துகொண்டது. அவர் சொன்னார்: "தோணில நிக்கவன் கண்ணத் தூரத்துல வைப்பான். அது மந்திரமில்ல, பழக்கம். தெனமும் சுவரப் பிடிச்சுக்கிட்டு, கண்ணத் திறந்து இப்படி நின்னு பழகுங்க, காலு உறுதியாவும். குளிக்கிற இடத்துப் பாசியத் தேச்சுக் கழுவுங்க. கம்பு வேணும்னா கூசாமப் பிடிங்க."

எல்லோரும் பக்தியோடு கேட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, எந்தத் திசைச் சுவரப் பிடிக்கணும்?"

எந்தச் சுவரும் சரிதான், பெரியவரே! கண்ணோடு புத்தியையும் சேர்த்து மூடிக்கொண்டு நிற்பவரைத் தள்ளத் தரை எதற்கு? கிருபாநிதி போனால் இன்னொருவன் வருவான்.