பிரதர் அன்செல்மோவின் கதகதப்பான கல்

வெள்ளிக்கிழமை என்றால் பிலிப்பைன்ஸ் மலை ஊரான எங்கள் பாகியோவில் சந்தைக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டுச் சந்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. மேல்படியில் பிரதர் அன்செல்மோவின் வீடு. அங்கிருந்து கீழ்ப்படி வரைக்கும் பக்தர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் ஒரு சிறுத்தைப் பல்லி. ஜனவரிக் குளிர் என்பதால் பக்தர்கள் ஆளுக்கு இரண்டு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பல்லிகளுக்கு ஜாக்கெட் கிடையாது. அதைப் பற்றி ஒருவராவது யோசித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

வாடகை வீடுகளில் நாய்க்குத் தடை, பூனைக்குத் தடை. குரைக்காமல், சோபாவைக் கிழிக்காமல், மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகளோடு எப்போதும் சிரிக்கிற முகமாக இருக்கும் இந்தப் பல்லி மட்டும் எந்த வீட்டுக்காரரின் சட்டத்திலும் மாட்டவில்லை. அதனால் ஊரே வளர்த்தது. குளிர் வந்ததும் ஊர்ப் பல்லிகளில் பாதி சாப்பாட்டை நிறுத்தின.

ஊரில் விலங்கு வைத்தியர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர், "தொட்டிக்குள்ள எத்தனை டிகிரி?" என்று கேட்கிற ஆள். வந்தவரையே கேள்வி கேட்கிற வைத்தியரிடம் யார் போவார்கள்? பிரதர் எதையும் கேட்பதில்லை. மெழுகுவர்த்தியைச் சாய்த்துக் கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டவிடுவார். மெழுகு என்ன உருவத்தில் உறைகிறதோ அதுதான் காரணம்.

காரணம் எப்போதும் ஒன்றுதான். வெளியாள் ஒருவர் குழந்தையைப் பார்த்து, "அடேயப்பா, என்ன கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டால் குழந்தைக்கு வாய் பட்டுவிடும், காய்ச்சல் வரும். சொன்னவரே எச்சில் தொட்டு வயிற்றில் தடவினால் சரியாகும். எங்கள் பாட்டன் காலத்து நம்பிக்கை இது. பிரதர் அதில் ஒரு திருத்தம் செய்தார். குழந்தைக்குப் படுகிற வாய் பல்லிக்கும் படும் என்றார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் பெமிங் நாலாவதாக நின்றாள். பழைய துணிக்கடை வைத்திருப்பவள். அவள் கையிலிருந்த பல்லியின் பெயர் மாயிஸ், அதாவது மக்காச்சோளம். அது அவளுடையதுகூட இல்லை. மகள் ஜெனலின் தைவானுக்கு வேலைக்குப் போகும்போது, "அம்மா, நான் திரும்பி வர்றப்ப இவன் இருக்கணும்" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனது. போகிற அன்று மகள் அழுதது தன்னைப் பிரிவதற்கா, பல்லியைப் பிரிவதற்கா என்று பெமிங்குக்கு இன்றுவரை சந்தேகம்.

இந்த ஜாதிப் பல்லிக்கு வால்தான் கொழுப்புச் சேமிப்பு. கட்டைவிரல் பருமனாக இருந்த மாயிஸின் வால் ஆறே வாரத்தில் பென்சிலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள், "வாலைக் காட்டும்மா" என்பாள். பெமிங் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, "தூங்குறான்டி, எழுப்பாத" என்று போனை வைப்பாள்.

முதல் தடவை அது சாப்பிடாமல் கிடந்தது தோலுரிக்கிற நேரத்தில். இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் தானாகவே சாப்பிட்டிருக்கும். பெமிங் விடவில்லை, பிரதரிடம் ஓடினாள். பிரதர் மெழுகைச் சொட்டவிட்டார். மெழுகு உருண்டையாக உறைந்தது. தண்ணீரில் விழுந்த மெழுகு வேறென்ன, சதுரமாகவா உறையும்?

"வட்ட முகம்" என்றார் பிரதர். "பொம்பளை. பக்கத்துலயே இருக்கா."

பெமிங்குக்கு ஆள் பிடிபட்டது. அடுத்த கடை சாலிங், ரொட்டி சுடுகிறவள். பதினைந்து வருஷச் சிநேகிதி. போன மாதம்தான் மாயிஸைப் பார்த்து, "இதுக்கு வாலு என் ரொட்டி மாதிரி உப்பிக் கிடக்கே" என்று சொல்லியிருந்தாள்.

"இன்னொண்ணு. தொட்டிக்கு அடியில கரன்ட்டுச் சூட்டு விரிப்பு இருக்கா?"

"இருக்கு பிரதர். மக வாங்கி வெச்சது."

"பிடுங்கிப் போடு. கரன்ட்டுச் சூடு கெட்ட காத்தை இழுக்கும். ஏழு வெள்ளிக்கிழமை விடாம இங்க கொண்டா."

பெமிங் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கினாள். சாலிங்கிடம் விஷயத்தைச் சொல்லி எச்சில் கேட்டாள். சாலிங் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, "அடுப்புல வேலை கிடக்கு, சீக்கிரம் காட்டு" என்று கட்டைவிரலை நக்கி மாயிஸின் வயிற்றில் தடவினாள். பல்லி ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படியானால் வாய் ஆழமாகப் பட்டிருக்கிறது, அவள் வீட்டு ரொட்டியைத் தொடாதே என்றார் பிரதர். அன்றிலிருந்து பெமிங் மூன்று தெரு தள்ளிப் போய்க் காய்ந்த ரொட்டி வாங்கித் தின்றாள்.

பிரதர் வீட்டில் மட்டும் மாயிஸ் சாப்பிட்டது, அதையும் சொல்ல வேண்டும். வெல்வெட் துணி தொங்கும் மேசையில் ஒரு தட்டையான கல். அதன்மேல் பல்லியை விட்டு ஒன்றரை மணி நேரம் ஜெபம். முடிந்ததும் மாவுப்புழுவை நீட்டினால் நாலு, ஐந்து என்று உள்ளே போகும். கூட்டம் கண்ணீர் விடும். காணிக்கைப் பெட்டியில் பண உறைகள் விழும். வீட்டுக்குப் போனால் மறுபடி பட்டினி. அடுத்த வெள்ளி மறுபடி வரிசை.

பெமிங் நாலாவதாக நின்ற இந்த ஆறாவது வெள்ளியில் மெழுகைப் பார்த்துப் பிரதர் பெருமூச்சு விட்டார்.

"அடுத்ததுதான் ஏழாவது. அதுக்கப்புறமும் வீட்ல சாப்பிடலைன்னா என் கையில இல்லம்மா. வாய் கடல் தாண்டும். உன் மகளைத் தேடிப் போகும்."

பெமிங் படியிறங்கி நேராகச் சாலிங்கின் கடைக்குள் நுழைந்தாள். ஆறு வாரக் கோபமும் பயமும் ஒன்றாக வெளியே வந்தது.

"நீ சொன்னதைத் திரும்ப எடுத்துக்க சாலிங். காலைப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கறேன். என் பொண்ணை விட்டுடு."

"உன் பொண்ணை நான் என்னடி பண்ணேன்?"

பெமிங் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சாலிங் டப்பாவைத் திறந்து பென்சில் வாலைப் பார்த்தாள். வைய வாயெடுத்தவள் வேறு கேள்வி கேட்டாள்.

"அங்க மட்டும் எப்படிடி திங்குது?"

"கல்லுதான். தொட்டா கதகதன்னு இருக்கும். அது அருளாம்."

"மேல கதகதப்பா, அடியில கதகதப்பா?"

"அடியில யாரு தொட்டுப் பாத்தா?"

"என் மாவும்தான் ஜனவரில உப்ப மாட்டேங்குது. யாரு வாய் பட்டுச்சுன்னு மெழுகு உருக்கியா பாக்கறேன்? அடுப்புப் பக்கத்துல நகத்தி வெக்கறேன், உப்புது. உன் வீட்டுச் சூட்டு விரிப்பு என்ன ஆச்சு?"

"பிரதர் பிடுங்கச் சொன்னாரு."

சாலிங் மேசையில் இருந்த மாவைக் கையால் வழித்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

ஏழாவது வெள்ளி. சாலிங் மாவு தேய்க்கிற பளிங்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வட்ட முகத்தைக் கண்டதும் கூட்டம் விலகி வழி விட்டது. சிலர் டப்பாவை ஜாக்கெட்டுக்குள் ஒளித்தார்கள்.

"பிரதர், குத்தம் செஞ்சவ நான். ஒரு வேண்டுதல்" என்றாள் சாலிங். "உங்க ஜெபம் பெருசா, கல்லு பெருசா?"

"ஜெபம்தான். கல்லு சும்மா கல்லும்மா." கூட்டத்துக்கு முன்னால் வேறென்ன சொல்ல முடியும்?

"அப்ப இந்தப் பலகையில ஒரு பல்லியை வெச்சு ஜெபம் பண்ணுங்க. உங்க கல்லுல ஒண்ணு சும்மா இருக்கட்டும்."

"சந்தேகப்படறவங்க இருக்கற இடத்துல அருள் இறங்காது."

"ரொம்ப நல்லது. சந்தேகப்படற நான் உங்க கல்லுகிட்ட உக்காந்துக்கறேன். நம்பறவங்க எல்லாரும் உங்க கூட ஜன்னல் பக்கம் வரட்டும்."

பிரதர் வாயைத் திறந்தார். அதற்குள் ஓய்வுபெற்ற சார்ஜன்ட் தொமாகன் தன் டப்பாவை நீட்டினார். அவருடைய பல்லியின் பெயர் ஜெனரல். "என் ஜெனரலுக்கு ஜெபம் பண்ணுங்க பிரதர். இந்தம்மா மூக்கு உடையட்டும்."

மேசைக் கல்லுக்குப் பல்லி வேண்டுமே. எல்லோரும் பெமிங்கைப் பார்த்தார்கள். ஏழாவது வெள்ளி இது. இன்றைக்கு மாயிஸுக்கு ஜெபம் இல்லையென்றால் தைவானில் மகளுக்கு என்ன ஆகும்? சாலிங் அவளை அவசரப்படுத்தவில்லை, கையை மட்டும் நீட்டினாள். பதினைந்து வருஷமாக ரொட்டி கொடுத்த கை. பெமிங் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம். ஜன்னல் பக்கம் பிரதர் என்றைக்கும் இல்லாத உருக்கத்தோடு ஜெபித்தார், அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. மேசைப் பக்கம் சாலிங் மாயிஸின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி செய்முறையைப் பக்தியாக ஓதினாள். மாவு, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட். அது தீர்ந்ததும் கேக் செய்முறை. அதுவும் தீர்ந்ததும் தன் நாத்தனாரைப் பற்றிய புகார். நாத்தனார் புகாருக்கு முடிவே இல்லாததால் நேரம் சரியாகப் போயிற்று.

ஜெபம் முடிந்தது. ஜெனரலுக்கு மாவுப்புழு நீட்டினார்கள். ஜெனரல் சிலை மாதிரி கிடந்தார். சார்ஜன்ட் மனம் பொறுக்காமல் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியை விட்டார். அது ஜெனரலின் தலைமேல் ஏறி, நின்று மீசையை ஆட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கிப் போயிற்று.

இந்தப் பக்கம் பெமிங் ஒரு புழுவை நீட்டினாள். மாயிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தது, வாலை லேசாக ஆட்டியது, லபக்கென்று பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது. நாத்தனார் புகாரில் இவ்வளவு அருள் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

சாலிங் வெல்வெட் துணியைத் தூக்கினாள். கல்லுக்கு அடியில், மேசையில் அறுத்த ஓட்டையில், ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் சுவரோரமாக ஓடிப் பிளக்கில் முடிந்தது.

"இது கோழிக்குஞ்சுக்குப் போடற பல்பு" என்றார் சார்ஜன்ட். "பிரதர், நீங்க முன்னாடி குஞ்சு பொரிக்கிற பண்ணையில இருந்தீங்கன்னு சொல்வாங்களே."

"அது அருளுக்கு ஒரு துணை..." என்று இழுத்தார் பிரதர்.

"எங்க வீட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னீங்க" என்றாள் பெமிங். குரல் உயரவில்லை. "உங்க பிளக்கை மட்டும் ஏன் சொருகி வெச்சிருக்கீங்க? வீட்ல சாப்பிட்டுட்டா வெள்ளிக்கிழமை வர மாட்டோம்னா? அதுக்கு என் பொண்ணை வெச்சா பயமுறுத்தினீங்க?"

சார்ஜன்ட் காணிக்கைப் பெட்டியைத் திறந்து, அவரவர் உறையை அவரவரே எடுக்கும்படி வாசலில் வைத்தார். ஜெனரலைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். உறையைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஒரு அம்மாள் மட்டும் தயங்கி நின்று, "பிரதர், அந்த பல்பு ஜெபம் பண்ணின பல்பா? எனக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள். இவர்களை நம்பித்தான் அடுத்த ஊரில் இன்னொரு பிரதர் மேசையில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார்.

பெமிங் வீட்டுக்கு வந்து விரிப்பின் பிளக்கைச் சொருகினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மாயிஸ் வீட்டிலேயே நாலு புழு தின்றது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வாலைக் காட்டி நடந்ததெல்லாம் சொன்னாள். மகள் ரொம்பத் திட்டினாள். பெமிங் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாலிங்கின் கடையில் சூடான ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "என்னை மன்னிச்சுடு. இந்தப் பல்லிக்கு இருக்கற அறிவுகூட எனக்கு இல்லாம போச்சு" என்றாள்.

"அது உண்மைதான்" என்றாள் சாலிங், ஆறுதல் சொல்லும் எண்ணமே இல்லாமல். "தனக்குச் சரிப்படாதப்ப அது வாயைத் திறக்கலையே. நீங்கதான் அந்தாளு என்னத்தை நீட்டினாலும் ஏழு வாரமா விழுங்கிட்டிருந்தீங்க."