தீயணைப்பானுக்குத் தைத்த நைட்டி

புதிதாக எதை வாங்கினாலும் அதை ஓர் உறை போட்டு மூடாவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சோறு இறங்காது. மிக்ஸிக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்கு பாலிதீன். (எங்கள் சோபா என்ன நிறம் என்பது எனக்கே மறந்துவிட்டது.) இந்த வியாதி ஒருநாள் என் காப்பித் தொழிலையே கொளுத்தப் பார்த்தது.

ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நானும் என் கணவர் செல்வினும் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்க ஆரம்பித்த புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் எங்கள் காப்பியைக் குடித்துப் பார்த்தார். "லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க. ஆடிப்பூரத்துக்குத் தேர் பாக்க வார கூட்டத்துக்கு உங்க காப்பிதான்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. லைசென்ஸ் வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கொட்டகையைப் பார்க்க வேண்டும். தீயணைப்பானும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள்.

வாங்கினோம். செக்கச்செவேல் என்று எவ்வளவு அழகு! உடனே தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் என் அக்கா ஜெயாவுக்கு போன் போட்டேன்.

"எக்கா, செவப்பு சிலிண்டர் ஒண்ணு வாங்கியிருக்கோம். தூசி படியும்லா?"

"தச்சுத் தாரேன். இடுப்பு எம்புட்டு?"

பூப்போட்ட துணி, கழுத்தில் லேஸ், முன்பக்கம் ஜிப், ரப்பர் குழாய்க்கு ஒரு அரைக்கை. மாட்டி, மூலையில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தது சுத்தம். கொட்டை வறுபடும்போது அதன் மேல்தோல் உரிந்து சருகாகப் பறக்கும். நாங்கள் தொலி என்போம். ஒரு பொறி பட்டால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். மூலை முடுக்கெல்லாம் கிடந்த தொலியைக் கூட்டி, வறுக்கும் மெஷினுக்குப் பின்னால் இருந்த தொலிப் பெட்டியில் போட்டுக் காலால் மிதித்துத் திணித்தேன்.

"ஏட்டி, வெளிய கொண்டுபோய்க் கொட்டுனா என்ன?" என்றார் செல்வின்.

"தெருவுல பறக்கும். லைசென்ஸ் குடுக்க வார மேடம் பாத்தா என்ன நினைப்பாவ?"

மேடம் வந்தார். தரையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். எனக்கு உள்ளே நாதஸ்வரம். மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அது யாரும்மா?"

"தீயணைப்பான், மேடம்!"

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். (பாராட்டு என்றே நினைத்தேன்.) "சரி, கொஞ்சம் வறுத்துக் காட்டுங்க."

வாசம் தெருமுனை வரை போக வேண்டும் என்ற ஆசையில் தீயைக் கூட்டி வைத்தேன். வாசம் போனதோ இல்லையோ, ஒரு பொறி தொலிப் பெட்டிக்குப் போனது. புகை கிளம்பியது. அடுத்த கணம் ஆள் உயரத்துக்குத் தீ.

"கேஸை அடைங்க! தீயணைப்பானை எடுங்க!" என்று மேடம் கத்தினார்.

செல்வின் கேஸை அடைத்தார். நான் நைட்டியிடம் ஓடினேன். ஜிப் பாதியில் லேஸைக் கடித்துக்கொண்டு நின்றது.

"கிழிச்சு எறிங்க!"

"அக்கா கோவிச்சுக்கிடுவா, மேடம்!"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். கண்ணெதிரே கொட்டகை எரிகிறது, ஆடிப்பூரம் எரிகிறது, நான் லேஸுக்குப் பரிந்து பேசுகிறேன். தீ கூரைத் தகரத்தைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் போயிற்று என்று உண்மையிலேயே அழுதுவிட்டேன்.

செல்வின் பாய்ந்து வந்து நைட்டியைக் கழுத்தோடு கிழித்து, தீயணைப்பானின் ஊக்கைப் பிடுங்கிப் பிடியை அமுக்கினார். குழாய் மட்டும் இன்னும் அரைக்கைக்குள்ளேயே இருந்தது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யார் கண்டது? மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொடியின் முதல் வீச்சு அவருக்கு. அடுத்தது தீக்கு.

தீ அணைந்தது. மாவு மில்லுக்குள் விழுந்து எழுந்தவர் போல நின்ற மேடம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு எழுதினார். "ஆனா கையெழுத்து இன்னைக்கு இல்ல. தொலிய அன்னன்னைக்கு வெளியேத்தி, மூடி போட்ட இரும்பு டிரம்ல போடுங்க. தீயணைப்பான் வாசல் பக்கத்துல இருக்கணும். துணி இல்லாம!"

கொட்டகை முழுக்கக் கழுவினோம். பொடி விழுந்த கொட்டையெல்லாம் குப்பைக்குப் போனது. மறுபடி வந்த மேடம் வாசலில் அந்தச் சிவப்பு மேனியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். தேரன்று பால்கோவாக் கடையில் எங்கள் காப்பி ஆறாக ஓடியது. குடித்த ஒவ்வொருவர் முகத்தையும் பைத்தியம் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்!

இன்றும் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் பிள்ளைகளை விசாரித்துவிட்டு, "நைட்டிக்காரி சுகமா?" என்றும் கேட்கிறார்கள். அக்கா மட்டும் அசரவில்லை. "ஜிப்புதான்ட்டி தப்பு. இழுத்தா பிச்சுக்கிட்டு வார மாதிரி ஒட்டுப் பட்டை வச்சுத் தாரேன்" என்கிறாள். போன வாரம் வந்தவள், சுவரில் சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூசி படியுதே" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள்.