துவாயில் சுற்றிய சந்தனக்கட்டை

சட்டத்தை மீறுவதற்கென்று ஒரு முகவெட்டு வேண்டும். எனக்கு அது கிடையாது. ஒரு பிழையும் செய்யாமல் கண்டி டவுனில் நடந்து போகும்போதுகூட, எதிரே பொலிஸ்காரர் வந்தால் என் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். அப்படிப்பட்ட நான்தான், கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள், என் கணவர் சிவாவையும் இழுத்துக்கொண்டு சந்தனக்கட்டை கடத்தினேன்.

என் நாத்தனாருக்குக் கல்யாணம். நலங்குக்கும், வாசலில் வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் அசல் சந்தனம்தான் அரைக்க வேண்டும் என்று மாமியாருக்கு ஒரே பிடிவாதம். “கடைத்தூளு வேணவே வேணாம். போன கல்யாணத்துல அதைப் பூசிட்டு எல்லாருக்கும் நெத்தி அரிச்சிச்சு” என்றார். கம்பளையில் இருக்கும் அவருடைய தம்பி, அதாவது சிவாவின் தாய்மாமா, தன் தோட்டத்துச் சந்தனமரம் காற்றில் சாய்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

மாமா வெளியில் இருந்த வெள்ளைப் பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டையை எடுத்து வைத்திருந்தார். “வாசம் எல்லாம் உள்ளுக்கு இருக்கிற வைரத்துலதான். மோந்து பாரும்மா” என்றார். மோந்தேன். கோயிலுக்குள் நுழைந்தது போல இருந்தது.

“ஆனா ஒண்ணு” என்றார் மாமா. “இதைப் பர்மிட் இல்லாம ரோட்டுல கொண்டு போகக் கூடாது. சொந்தத் தோட்டத்து மரமா இருந்தாலும் புடிச்சா கேஸுதான். போயா லீவு முடியட்டும், நான் கந்தோருக்குப் போய் பர்மிட் எடுத்துத் தாரேன்.”

பௌர்ணமி லீவு முடிந்து அரசாங்க அலுவலகம் திறப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். மாமியாரின் முகம் கண்முன் வந்தது. (பொலிஸைவிட எனக்குப் பயம் தரும் ஒரே முகம் அது.) கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். சில மாதக் குழந்தையின் கனம். அந்த நேரம் பார்த்துத்தானா எனக்கு மூளை வேலை செய்ய வேண்டும்?

“கைப்புள்ளய யாரு செக் பண்ணப் போறாங்க?” என்றேன்.

சிவாவின் முகம் வெளிறிப் போனது. “வேணாம் சுமதி. மாட்டிக்குவோம்.”

“நீங்க சும்மா பக்கத்துல நின்னா போதும்.”

மாமா தலையில் கை வைத்தார். ஆனாலும் ஒரு நீலத் துவாயையும் தன் பேத்தியின் கம்பளித் தொப்பியையும் கொண்டு வந்து தந்தார்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். என்னைக் கண்டதும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா. கம்பளையில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டு மடவளைக்குத் திரும்புகிறாராம்.

“ஆம்புளப் புள்ளயா, மகள்?”

“ஆ... ஆமாங்க.”

“எத்தன மாசம்?”

நான் சிவாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். “நாலு” என்றேன்.

வெளியே மழை பிடித்தது. எல்லா ஜன்னல்களையும் இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகுதான் விபரீதம் ஆரம்பித்தது. பஸ்ஸின் புழுக்கத்திலும் என் உடம்புச் சூட்டிலும் கட்டை மணக்கத் தொடங்கியது. முன் சீட்டில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். டிரைவர், தன் சாமிப் படத்துக்கு யாராவது ஊதுபத்தி கொளுத்தினார்களா என்று நிமிர்ந்து பார்த்தார்.

“புள்ளக்கி என்ன சோப்பு போடுற? கமகமண்டு ஈக்கி” என்றார் அந்த அம்மா. நான் துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

கெலிஓயா தாண்டியதும் பஸ் நின்றது. பொலிஸ். மழைக்கோட்டோடு ஒரு சாஜன் ஏறி, ஒவ்வொருவர் பையாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். என் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. சிவாவோ, நின்ற நிலையிலேயே கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்துவிட்டார். (நின்றுகொண்டே தூங்குவது அவர் பரம்பரையிலேயே இல்லை.)

சாஜன் என் முன்னால் நின்றார். கட்டையைப் பார்த்தார். சிரித்தார். என் கைப்பையைக்கூடத் தொடாமல் அடுத்த சீட்டுக்குப் போனார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து அம்மா பாசத்தோடு துவாய்க்குள் கையை விட்டுப் பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்தார்.

“அல்லாஹ்வே! புள்ள குளுந்து, வெறைச்சுப் போய் ஈக்கி! சாஜன் மாத்தயா, ஓடி வாங்க!”

பஸ் முழுக்க எழுந்து நின்றது. நான் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொன்னேன். “இது புள்ள இல்லீங்க! புள்ள இல்ல!” என்று கத்தினேன்.

“ஐயோ பாவம், தாய்க்குப் புத்தி கலங்கிட்டு” என்றார் அந்த அம்மா. பின் சீட்டில் யாரோ விம்மினார்கள்.

“பய வென்ன எபா” என்றார் சாஜன். பயப்பட வேண்டாமாம்! கீழே குதித்துத் தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். முன்னால் அவர் ஹோர்ன் அடித்து வழி விலக்க, பின்னால் எங்கள் பஸ் ஒரு இடத்திலும் நிற்காமல் பேராதனை ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தது. இறங்க வேண்டியவர்கள்கூட மணி அடிக்கவில்லை. மடவளை அம்மா என் தோளை அணைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். அவருடைய கண்ணீர் என் கையில் விழுந்தது. ஜெயில் பயத்தையும் தாண்டி, இந்த மனுஷியின் முகத்தில் எப்படி முழிக்கப் போகிறேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. துவாயை விலக்கிக் காட்டத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து கட்டையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவருக்குப் பின்னால் நான், மடவளை அம்மா, சாஜன். கடைசியாக, தூக்கம் தெளிந்த என் கணவர்.

“புள்ளையின் பேர் என்ன?” என்று மேசையில் இருந்தவர் கேட்டார்.

“சந்த...” என்று தொடங்கிய சிவா, நாக்கைக் கடித்துக்கொண்டு, “சந்திரன்” என்று முடித்தார்.

டொக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு துவாயை விலக்கினார். தொப்பி கழன்று உருண்டது. டொக்டர் கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிவாவைச் சற்றுக் கூடுதலாகவே பார்த்தார்.

சாஜன் குனிந்து மோந்தார். “மேக ஹந்துன் நேத?” இது சந்தனம் அல்லவா என்று கேட்கிறார். அவர் முகத்தில் இருந்த பரிதாபம் அப்படியே உருகி, அடியில் இருந்த பொலிஸ்காரர் வெளியே வந்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மடவளை அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “அடி ஹராங்குட்டி! என்ட உசிரே போய்ட்டு!” உடனே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். “அல்ஹம்துலில்லாஹ், புள்ள ஒண்டும் மௌத்தாகல்ல தானே. அது போதும்.”

அவர் வீட்டுக்குப் போகவில்லை. எங்களோடு பொலிஸுக்கு வந்து, “சின்னப் புள்ளகள், மாமியாருக்குப் பயந்து செஞ்சிட்டுகள்” என்று சாஜனுக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். சாஜன் என் வாக்குமூலத்தை எழுதும்போது அடிக்கடி பேனையை வைத்துவிட்டு வெளியே போய் வந்தார். கோபத்தில் போகிறார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். சிரிக்கப் போனார் என்பது, திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததில் தெரிந்தது.

கோட்டில் நீதவான் சொன்ன அபராதத்தைக் கட்டினோம். தோட்டம் தன்னுடையதுதான் என்று மாமா உறுதிப் பத்திரத்தைக் கொண்டு வந்து காட்டியதால் அதோடு விட்டார்கள். கட்டை அரசாங்கச் சொத்தாகப் பொலிஸிலேயே தங்கிவிட்டது. நாத்தனார் கல்யாணத்தில் கடைத்தூள்தான். எல்லாருக்கும் நெற்றி அரித்தது. கல்யாணம் முடிந்ததும் மாமியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “பேரு வைக்கிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?” என்பதுதான்.

இரண்டு வருஷம் கழித்து, அதே ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். சிவா கம்பளைக்குப் போன் கோல் எடுத்து, “மாமா, பொண்ணு!” என்றார். சுகமா, என்ன நிறை, யார் ஜாடை என்று மாமா ஒன்றும் கேட்கவில்லை.

“அழுதுச்சா?” என்றார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குடும்பத்தில் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு சொல்கிறாள்: “ரெண்டு. அண்ணன் சந்திரன் பொலிஸ்ல இருக்காரு.”