வள்ளம் எரியும் காட்சி

மாம்புரி கலியாண மண்டபத்தில் அன்று பின்னேரம் இருந்தவர்கள்: கொழும்பிலிருந்து வந்த டிரெக்டர், அவருடைய உதவியாள் அஸ்ஜத், கணினியில் படம் போட்ட ரிப்கான், யாருடைய வாழ்க்கையைப் படமாக எடுத்தார்களோ அந்தப் பாறூக், அவர் மனைவி ஹவ்வா உம்மா, மகள் றைஸா, பட்டிஸும் தேத்தண்ணியும் உண்டு என்று கேள்விப்பட்டு வந்த ஊர்ச்சனம், பாறூக்கின் மருமகன் இன்சாப். இவர்களில் இன்சாப் ஒருவன்தான் கதவோரக் கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தான்.

படம் தொண்ணூறாம் ஆண்டைப் பற்றியது. புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, பாறூக் தன் வள்ளத்தில் சனத்தை ஏற்றிக் கல்பிட்டிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்த கதை.

அந்த வள்ளத்தைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தவன் இன்சாப். சும்மா மிதக்க விட்டு எடுப்போம் என்றார்கள். அவன் தலையாட்டிவிட்டு ஒரு வேலையாகச் சிலாபத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது கடற்கரையில் கரிக்கட்டைகள் கிடந்தன. அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய், "வள்ளத்தைக் கொழும்பில கண்காட்சிக்கு வச்சிரிக்காங்க" என்று சொன்னான். பாறூக் "ம்" என்று தேத்தண்ணியைக் குடித்தார். ஹவ்வா உம்மா, "எப்பத் தருவாங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தடவை கேட்டார்.

காரணம் இருந்தது. அவருடைய மூத்த பிள்ளை, எட்டு மாதக் குழந்தை, அந்த வள்ளத்தில் வரும்போதுதான் காய்ச்சலில் மௌத்தானது. இறங்கிய கரையில் எங்கோ மணலில் அடக்கினார்கள். பிறகு இடம் பிடிபடவில்லை. மிஞ்சியது வள்ளம்தான். வெள்ளிக்கிழமைகளில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதுவார். பாறூக் அந்தப் பக்கமே போவதில்லை.

வீடு ஹவ்வா உம்மாவுடையது. இன்சாப் பெண் வீட்டில் வந்து குடியிருக்கும் மாப்பிள்ளை. வள்ளம் எரிந்தது மாமிக்குத் தெரிந்தால் அவனுக்கு அந்த வீட்டில் இடமில்லை.

படம் பார்க்க வடிவாக இருந்தது. மேலிருந்து கடலைக் காட்டினார்கள். ஹெலிகொப்டர் வந்தது. பாறூக்காக நடித்தவன் சட்டையைக் கழற்றி உடம்பைக் காட்டினான். இரவு முழுக்கக் கடலில் கிடந்தும் அவனுடைய தலைமுடி கலையவில்லை. பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ குறட்டை விட்டார்கள்.

"நல்லாத்தான் எடுத்திரிக்காங்க," என்றாள் றைஸா. "ஆனா மனசுக்கு ஒண்டும் செய்யுதில்லயே."

"புள்ள எங்க?" என்று ஹவ்வா உம்மா கேட்டார்.

படத்தில் பிள்ளையே இல்லை. டிரெக்டர் எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்து கேட்டபோதும் பாறூக் சொன்னது ஒன்றுதான்: "ஏறின, வந்த, இறங்கின." மிச்சத்தை டிரெக்டர் துவக்குச் சூட்டால் நிரப்பியிருந்தார்.

போனில் வந்த விளம்பரத் துண்டில் இன்சாப் பார்த்திருந்த எரியும் காட்சி நெருங்கியது. அவன் குனிந்து மாமியிடம் போனான்.

"மாமி, வெளிய தேத்தண்ணி குடுக்காங்க. போய்க் குடிங்களேன்."

"என்ன மகன் புதுசா? கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து நான் குடிச்சனா இல்லயாண்டு ஒரு நாள் கேட்டீங்களா?"

"இல்ல மாமி, களைச்சிருப்பீங்க..."

"படத்தில என்னமோ இரிக்கி. நான் பாக்கக் கூடா எண்டுதானே எழுப்புறீங்க?"

பிள்ளை இல்லை என்று கண்டதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்சாப் ரிப்கானிடம் ஓடினான்.

"மச்சான், வள்ளம் எரியிற சீனைத் தாண்டு."

"அது எந்த இடம்?"

"ஷெல் விழுற இடம்."

"இந்தப் படத்தில ஷெல் விழாத இடம் ஒண்டக் காட்டு பாப்பம்."

"அவன் சட்டையக் கழட்டின பிறகுடா!"

"எத்தினையாவது தரம் கழட்டின பிறகு?"

கடைசியில் ரிப்கான் ஒரு குத்துமதிப்பாகத் தட்டினான். படம் தாவியது. நடுக்கடலில் நின்ற கதாநாயகன் திடீரென்று கரையில் நின்று கொடி பிடித்தான். சனம் சிரித்தது. டிரெக்டர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யார் அந்த சீனைத் தாண்டினது? முழுப் படத்திலயும் அது ஒண்டுதான் உருப்படி! திருப்பிப் போடு. சத்தத்தக் கூட்டு."

இன்சாபுக்கு வேறு வழி தெரியவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் போய் மெயின் சுவிட்சை இழுத்தான்.

இருட்டு. காற்றாடிகள் நின்றன. புழுக்கத்தில், உறங்கியவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். வெளியே சிகரெட் குடித்தவர்கள் என்ன நடந்தது என்று பார்க்க உள்ளே வந்தார்கள். ஜெனரேட்டர் உறுமியது. திரை வெளித்தபோது, அன்று முதல் தடவையாக மண்டபத்தில் ஒரு கண் விடாமல் அத்தனையும் திரையைப் பார்த்தன.

வள்ளம் எரிந்தது.

அதில் இசை இல்லை, கதாநாயகன் இல்லை. ஒரு கிழட்டு வள்ளம் கரையோரத்தில் நின்று எரிந்தது, அவ்வளவுதான். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் அடித்திருந்த ஒரு தகரத்துண்டு சூட்டில் சுருண்டு விழுந்தது. பால்மா டின்னை வெட்டி அடித்த தகரம்.

ஹவ்வா உம்மா எழுந்து நின்றார்.

"அது எண்ட புள்ளைட பால் டின். அது எண்ட வள்ளம்."

முன்வரிசையில் பாறூக் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டிரெக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எடு, எடு! அங்கிள் அழுறார்!" என்று அஸ்ஜத்தின் முதுகில் தட்டினார்.

"மாமி, சும்மா மிதக்க விடுறதெண்டுதான் செல்லிக் கேட்டாங்க," என்றான் இன்சாப், ஊர் முழுக்கக் கேட்க. "அல்லாஹ் மேல ஆணையா எரிக்கிறதெண்டு தெரியாது."

ஹவ்வா உம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவனுடைய உடுப்புப் பை வாசலுக்கு வெளியே வந்து விழுந்தது. பின்னால் செருப்பு வந்தது. பிறகு ஷேவ் எடுக்கும் மெஷின்.

"உம்மா, அவர் வேணுமெண்டு செய்யல்ல," என்றாள் றைஸா.

"நீயும் போறதெண்டா போ. எண்ட புள்ளைக்குக் கபுறு இல்ல. இருந்த ஒரு பலகையையும் தூக்கிக் குடுத்திட்டு, கண்காட்சி எண்டு கதை விட்டவன் எண்ட ஊட்டுக்குள்ள இரிக்கக் கூடா."

இன்சாப் வெளியே நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தான். பாறூக் கதிரையில் இருந்தார்.

"மாமா, நீங்களாவது ஒரு வார்த்த கதைங்களேன்."

பாறூக் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

கேற்றடியில் வேன் ஒன்று வந்து நின்றது. அஸ்ஜத் இறங்கி வந்தான். கையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நினைவுச் சின்னம். பொன்னிறத்தில் ஒரு குட்டி வள்ளம்.

"அங்கிள் இத மண்டபத்தில விட்டுட்டு வந்திட்டார்," என்று வாசலில் நின்ற ஹவ்வா உம்மாவின் கையில் அதைக் கொடுத்தான். பிறகு உள்ளே பார்த்துச் சிரித்தான்.

"கை ஆறிட்டா அங்கிள்? மிதக்க விடுவமெண்டு வந்த எங்கள மறிச்சு, ஒருத்தரையும் கிட்ட வர விடாம நீங்களே வள்ளத்துக்கு நெருப்பு வச்ச நேரம் பட்ட சூடு."

ஹவ்வா உம்மா கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. சுடுதண்ணி பட்டது என்று அவர் சொல்லியிருந்த தழும்புக் கையைத்தான் பார்த்தார்.

பாறூக் கதிரையை விட்டு எழுந்தார். படியிறங்கி, இன்சாபுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டில் திறப்பு ஒரு தடவை திரும்பியது. பிறகு இன்னொரு தடவை.