தர்மாமீட்டர் மாமாவோடு ஏழு கிணற்றுக்குப் போன கதை

பூமியில் எந்தப் பொருளையும் கையால் தொட்டே அதன் சூட்டைச் சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தர்மாமீட்டர் மாமாதான். ஆண்டவன் சூரியனைப் படைத்த நேரம் இவர் பக்கத்தில் நின்றிருந்தால், "ரெண்டு டிகிரி கொறைங்க சாமி" என்று கட்டாயம் சொல்லியிருப்பார்.

அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், முப்பது வருஷம் டிரையரில் நின்றவர். கொழுந்தைக் காய வைக்கும் அந்த மெஷினின் கதவில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுப்பார், அவ்வளவுதான். ஒருநாள் டீமேக்கர் ஐயா, "மீட்டர் இருநூறுதானே காட்டுது" என்றார். "அது பொய் சொல்லுதுங்கய்யா. இருநூத்திப் பதினஞ்சு" என்றார் மாமா. ஐயா மீட்டரை நம்பினார். அன்றைய தேயிலை முழுவதும் கருகிப் போனது. மறுநாளிலிருந்து ஐயா மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மாமாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

வேலையை விட்ட பிறகு தொடுவதற்கு டிரையர் இல்லை. ஆகவே எங்களைத் தொட ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் டீ கொடுத்தால், "இது ஊத்தி ஏழு நிமிஷம் ஆச்சு" என்று திருப்பி அனுப்புவார். மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, "தொண்ணூத்தொம்பது. பயப்புடுறாரு" என்று சபையில் அறிவிப்பார். யாருடைய கையைப் பிடித்தாலும் முதலில் டிகிரி, அப்புறம்தான் சுகம் விசாரிப்பு.

இப்படிப்பட்டவரோடு காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஒரே வேனில் எட்டு மணி நேரம் போக வேண்டிய விதி எனக்கு வந்தது.

என் அம்மா காலமாகி அன்று முப்பதாம் நாள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க வேண்டும் என்று ஆயுசு முழுவதும் ஆசைப்பட்டு, கொழுந்து எடுத்தே ஆயுசைக் கழித்தவர். இராவணன் தன் தாயாரின் ஈமக்கடன் தீர்க்க உண்டாக்கிய ஏழு கிணறு அது என்று அம்மா சொல்லுவார். "இராவணனே அவன் அம்மாவுக்குச் செஞ்சான். நீ எனக்கு முப்பதாம் நாள் அங்க போயி எள்ளுந்தண்ணியும் விட்டா போதும்ப்பா" என்பது அவருடைய கடைசி வாரப் பேச்சு. பகல் பன்னிரண்டுக்குள் செய்து முடிக்க வேண்டும். தவறினால் முப்பதாம் நாள் இன்னொன்று வராது.

முதல்நாள் சாயந்தரமே எனக்கு உடம்பு கொதித்தது. என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுடைய தம்பி காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய், டெங்கு என்று தெரிந்த மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தவன். எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் அவள் வேனை அந்த இடத்திலேயே திருப்பிவிடுவாள். முருகா, இந்த ஒரு நாளைக் கடத்திவிடு என்று கும்பிட்டுவிட்டு ஏறினேன்.

ஏறினால் முன் சீட்டில் மாமா. "ஏழு கெணறும் ஏழு சூடாமே மாப்ள. பாக்காம செத்தா கட்ட வேகாது" என்றார். கையை நீட்டினார். நான் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன்.

இறம்பொடையில் வேனை நிறுத்தி அனுமாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். மாமா திருநீற்றோடு என் நெற்றிக்கு வந்தார். சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது என் மனைவியின் நெற்றியில் பூசிவிட்டு, "தொண்ணூத்தெட்டு. நல்ல பொம்பள" என்றார். பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கினார். ஊரில் யாருக்கும் ஒரு வாய் டீ வாங்கிக் கொடுக்காதவர். அதோடு விடாமல், நான் குடித்து முடித்த கிளாசைத் தானே வாங்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்தார்.

மாத்தளையில் மறுபடி டீ. கிளாசை மறுபடி அவரே வாங்கினார். தம்புள்ளையில் வெயில் கொளுத்தியது. நான் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நடுங்கினேன்.

"என்னங்க, இந்த வெயில்ல அத கழட்டுங்க" என்றாள் மனைவி.

"அம்மா பின்னுனது. இன்னைக்கிப் போட்டுக்கிறேன்" என்றேன். அது அட்டன் சந்தையில் வாங்கியது. அம்மா பெயரிலேயே பொய் சொல்லிவிட்டேன்.

அங்கேயும் டீ. மாமா கிளாசை வாங்கி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு டிரைவரிடம், "அடுத்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டார். இதே கேள்வியை மாத்தளையிலும் கேட்டிருந்தார்.

"என்னா மாமா, டீ வயித்தக் கலக்கிருச்சா?" என்று டிரைவர் சிரித்தான்.

"ஆமாப்பா. ஓரமா ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டாப் பாத்துப் போ."

பதினொன்றரைக்குக் கன்னியா போய்ச் சேர்ந்தோம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கிணறாக வாளி விட்டுத் தொட்டார். "இது தொண்ணூத்தெட்டு, நல்லா இருக்கிற மனுசன் சூடு. இது நூறு." மூன்றாவது கிணற்றில் கையை வைத்தவர் என் பக்கம் திரும்பி, "இது நூத்திரெண்டு" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போனார்.

ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டேன். ஊற்றுகிற வரை இதம், ஊற்றி முடித்தால் பல் கிட்டியது. ஈர வேட்டியோடு உட்கார்ந்து, கிணற்றடி ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டேன். அம்மா, வந்துட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

கிணறுகளுக்குப் பின்னால் பழைய செங்கல் அத்திவாரங்களும் உடைந்த கல் தூண்களும் கிடக்கின்றன. அங்கிருந்த காவலாளி, முன்னொரு காலத்தில் இது பெரிய நகரம் என்று சிங்களத்தில் சொன்னார்.

"இருக்கும். வெறகு பொறுக்காம சுடுதண்ணி கெடைக்கிற எடத்த எவன் விடுவான்? நம்ம தோட்டத்துல இருந்திருந்தா தொரை பங்களாவையே கெணத்து மேலதான் கட்டியிருப்பான்" என்றார் மாமா. வெயிலில் கிடந்த செங்கலைத் தொட்டு, "நூத்தி இருவது. ஊரு அழிஞ்சாலும் சூடு போகல" என்றார்.

நான் ஒரு தூண் ஓரமாகச் சரிந்தேன். விழவில்லை. மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"நூத்தி மூணு" என்றார். "காரியம் முடிஞ்சிருச்சில்ல? எந்திரி, வேனுக்குப் போவோம்."

"மாமா, ஒங்களுக்கு எப்ப..."

"எறம்பொடையில. டீ முடிஞ்சும் கிளாசு ஆறல, அம்புட்டும் ஒங் கைச் சூடு. நூத்தியொண்ணு. தம்புள்ளையில நூத்திரெண்டு. நூத்தி மூணு ஆயிருந்தா எந்த எடமா இருந்தாலும் வேன ஆஸ்பத்திரிக்கு விட்டுருப்பேன். அது வரைக்கும் ஒங்க அம்மா காரியம் நடக்கட்டும்னு இருந்தேன்."

வேனில் என் மனைவி என்னைத் திட்டவில்லை. "என் தம்பியப் பாத்துமா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வரும் வரை அழுதுகொண்டே வந்தாள். அதற்குத் திட்டே மேல். மாமாவைப் பார்த்து, "நீங்களுமா மறைச்சீங்க?" என்றாள். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவர் கூச்சப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

டெங்குதான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நர்ஸ் தர்மாமீட்டர் வைத்து, நூற்று மூன்று புள்ளி இரண்டு என்றார். "அந்தப் புள்ளி ரெண்டு மெஷினோட கோளாறுங்க மிஸ்ஸி" என்று மாமா சண்டைக்குப் போனார்.

ஆறு நாள் வார்டில் இருந்தேன். மாமா ஊருக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் வந்து என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவார். முப்பது வருஷ டிரையர் காய்த்துப் போகச் செய்த, மரக்கட்டை மாதிரியான கை. அம்மா போன பிறகு என் நெற்றியில் யாரும் கை வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் மாமாவின் லயத்து வீட்டுப் பக்கம் போனால், உடம்புக்கு ஒன்றும் இல்லாத நாளிலும், அவர் முன்னால் கொஞ்சம் குனிந்து நிற்பேன். "தொண்ணூத்தெட்டு, போ" என்பார். அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.